தண்டால் கணக்கும் தாளக் கணக்கும்



கபடிக்கும் வாலிபாலுக்கும் பேர்போன நமது கொங்கு நாட்டு ஊர்களில், இரும்புக் கருவிகளைக் கண்ணால் காணாத காலத்திலும் வாலிபர்கள் தண்டாலும், உட்கார்ந்தெழும் பஸ்கியும் எடுத்து, தமது சரீரத்தின் பாரத்தையே சாதனமாகக் கொண்டு தேகபலம் தேடிக்கொண்டார்கள் என்பது யாவரும் அறிந்ததே. அந்த அப்பியாசத்தைப் போற்றுகிறவர்கள் பலர் உண்டு. ஆனால் அதற்கு உற்ற துணையாய் நிற்க வேண்டிய மற்றொரு பழக்கத்தை, அதாவது செய்த பயிற்சியை அன்றன்றே ஏட்டில் குறித்து வைக்கும் பழக்கத்தை, நாம் போதிய அளவு மதிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

தண்டால் எடுக்கும்போது கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 60 கிலோ எடையுள்ள பையன், தான் அறியாமலே 40 கிலோவைத் தள்ளி எழுகிறான். முழங்காலை ஊன்றிக்கொண்டால் அந்தப் பாரம் குறையும். பாதங்களைத் திண்ணையின்மேல் தூக்கி வைத்தால் கூடும். ஆகவே ‘இருபது எடுத்தேன்’ என்று மட்டும் எழுதுவது அரைக் கணக்கு. பாதம் தரையில் இருந்ததா, திண்ணையில் இருந்ததா, மார்பு தரையருகே சென்றதா, இறங்குவதில் நிதானம் இருந்ததா என்பவையெல்லாம் சேர்ந்தால்தான் அது முழுக் கணக்காகும். ‘பன்னிரண்டு, பதினோராவதில் இடுப்பு தொய்ந்தது, இடத்தோள் முந்தி எழுந்தது’ என்று ஒரு பையன் எழுதி வைத்திருப்பானானால், அந்த ஒரு வரி, முப்பது என்று பெருமையாக எழுதிய வெறும் எண்ணைவிட எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது. நாற்பதாம் நம்பர் நூல் என்றால் அது நாற்பதாம் நம்பர்தானா என்று சோதித்துப் பாராமல் விற்காத பஞ்சாலை ஊரில் பிறந்தவர்களுக்கு இந்தச் சிரத்தை எளிதில் கைகூட வேண்டும்.

இனி, பலத்தைக் காட்டிலும் நுட்பமான ஒன்றுக்கு வருகிறேன். புதிதாகப் பயிற்சி தொடங்குகிறவனுக்கு முதற்சில வாரங்களில் காணும் அபிவிருத்தி பெரும்பாலும் தசை பருத்ததனால் உண்டாவதன்று. மூளையும் நரம்புகளும் தசைகளை ஒருங்கே ஏவக் கற்றுக்கொண்டதனால் உண்டாவது. இந்த ஒத்திசைவையும் அளக்கலாம். சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று, டென்னிஸ் பந்தை வலக்கையால் சுவரில் எறிந்து இடக்கையால் பிடித்து, மறுபடி இடக்கையால் எறிந்து வலக்கையால் பிடித்து, முப்பது விநாடியில் எத்தனை முறை பிடித்தோம் என்று எண்ணினால் போதும். மத்திய அரசின் கேலோ இந்தியா பள்ளிச் சோதனையிலும் 5 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு ஒற்றைக் காலில் நிற்கும் சமநிலையையும், தட்டுகளை மாறிமாறித் தட்டும் கைவேகத்தையும் வைத்திருக்கிறார்கள். தண்டால் அதற்கு மேற்பட்ட வயதினருக்கே. உடலை முதலில் இசைவித்துப் பின்னரே வலுப்படுத்த வேண்டும் என்ற இந்த வரிசை மிகவும் சரியானது.

இந்த இசைவை நமது முன்னோர் வேறொரு வழியில், அதாவது ஆட்டத்தின் வழியாக, பயிற்றினார்கள். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் அவர்கள், வள்ளி ஒயில் கும்மியை வாழ்நாளெல்லாம் பயிற்றி, ஆண்களுக்கே உரியதாயிருந்த அந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்பித்து, 2024-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தாளம் துரிதமாகும்போது கால் முன்வைத்துப் பின்வாங்கித் திரும்ப, கை அதே கணத்தில் தட்ட, வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் ஒருவர்போல் அசையும் அந்த ஆட்டம், கபடிக் களத்தில் கால்மாற்றித் தப்ப வேண்டிய வீரனுக்கும் தக்க பயிற்சியே என்று நான் துணிந்து சொல்வேன். பொள்ளாச்சிப் பக்கத்து ஜமீன் காளியாபுரத்தில் 1920-இல் பிறந்த நானம்மாள் அவர்களோ, எட்டு வயதில் தந்தையிடம் கற்ற யோகாசனத்தைக் கைவிடாமல், கோவையின் கணபதிப் பகுதியில் பல்லாயிரவர்க்குப் பயிற்றி, 2018-இல் பத்மஸ்ரீ பெற்று, மறுவருஷம் 99-வது வயதில் காலமானார். எடைக்கருவி எதுவும் இன்றியே ஒரு சரீரம் எவ்வளவு காலம் வளையவும் தாங்கவும் வல்லது என்பதற்கு, அவரைவிடச் சிறந்த சாட்சி இம்மண்டலத்தில் தேட வேண்டியதில்லை.

கல்வியாளர் அவினாசிலிங்கம் அவர்கள் 1930-இல் தொடங்கிய ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்தின் மாருதி உடற்கல்விக் கல்லூரி, பெரியநாயக்கன்பாளையத்தில் உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றி வருகிறது. அங்கும் பிற இடங்களிலும் பயின்று நமது பள்ளிகளுக்கு வரும் ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே: மாணவர் ஒவ்வொருவரிடமும் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுங்கள், ஒரு பத்தியில் தண்டாலையும் பஸ்கியையும் அவற்றின் குறைநிறைகளோடு எழுதச் சொல்லுங்கள், மறு பத்தியில் சுவர்ப் பந்தின் எண்ணிக்கையையும், ஒற்றைக் காலில் நின்ற நேரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள், ஒருவன் நோட்டை மற்றவன் நோட்டோடு ஒப்பிட மட்டும் விடாதீர்கள். மாதம் ஒரு முறை நீங்களே அதைப் படித்துக் கையெழுத்திடுங்கள்.