தங்கவயலுக்குப் போன நம் முன்னோரைத் தேடி

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற குடும்பங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வண்டலூரில் வாழும் நாம் பெரும்பாலும் வந்து குடியேறியவர்கள். தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு வரை ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த ஊர்களில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும், "எங்க சொந்த ஊர் வேற" என்றுதான் பேச்சுத் தொடங்கும். தென்பாண்டிச் சீமையைச் சொல்வோர் உண்டு, தஞ்சையைச் சொல்வோர் உண்டு. சில வீடுகளில் மட்டும், "எங்க தாத்தா கோலார் தங்கவயல்ல இருந்தாரு" என்பார்கள். அதற்கு முன் எந்த ஊர் என்று கேட்டால், "வேலூர் பக்கம்னு சொல்லுவாங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அப்படி நின்றுபோன பேச்சை மேலே கொண்டுசெல்லும் வழியைப் பற்றிப் பேசும்படி பங்குத் தந்தை பணித்தார். நானும் அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் வந்தவன்தான்.

தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி பரவினால் உலகமே எழுந்து ஓடிய நூற்றாண்டு ஒன்று இருந்தது. 1848-இல் கலிபோர்னியா, 1851-இல் ஆஸ்திரேலியா, 1886-இல் தென்னாப்பிரிக்கா. அந்த வேகம் நம் நாட்டையும் தொட்டது. 1880-ஆம் ஆண்டையொட்டி நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் தங்கம் குவிந்திருப்பதாக நம்பி இலண்டனில் கம்பெனிகள் பல பிறந்தன. சில ஆண்டுகளுக்குள் அத்தனையும் சரிந்தன.

கோலாரின் கதை வேறு. 1802-இல் ஜான் வாரன் என்ற படை அதிகாரி, மாரிக்குப்பம், ஊரிகம் கிராமங்களில் மக்கள் மண்ணைக் கழுவித் தங்கத் துகள் எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். நியூசிலாந்துப் போரில் பணியாற்றி ஓய்வு பெற்று பெங்களூரில் தங்கிய லவெல் என்ற அயர்லாந்துக்காரர், 1870-களில் மைசூர் அரசிடம் அங்கே தோண்ட அனுமதி பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தது. தொடக்கத்தில் போட்ட பணமெல்லாம் கரைந்து, மூடிவிடலாமா என்ற நிலை வந்தபோதுதான் பெரிய தங்க ரேகை அகப்பட்டது. அதன் பிறகு சுரங்கம் நூறாண்டுக்கு மேல் ஓடியது. 3,000 மீட்டருக்கும் கீழே போனார்கள். சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள். அரசு நிறுவனமாக இருந்த அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது.

இந்தத் தங்கத்தை வெட்டியவர்கள் யார்? வடஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து சென்ற ஏழைத் தமிழர்கள் அவர்களில் மிகப் பலர். அவர்கள் தங்கத்தின் மீது ஆசைப்பட்டுப் போனார்களா? எண்ணிப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை நம் நாட்டை வாட்டியது தாது வருடப் பஞ்சம். ஏரி வற்றியது, மாடு செத்தது, இலட்சக்கணக்கில் மக்கள் மடிந்தார்கள். பஞ்சத்தில் தப்பியவர்களில் பெரும் பகுதியினர் சொந்த நிலமில்லாத பண்ணையாட்கள். உழைப்புக்குக் கூலியாக நெல்லோ கேழ்வரகோ அளந்து போடுவார்கள். கடன் பட்டால் பிள்ளையும் பண்ணையில் கட்டுண்டு கிடப்பான். தீண்டாமையும் சேர்ந்து அழுத்தும். அப்படிப்பட்ட ஒருவனிடம் ஒரு மேஸ்திரி வந்து, "மைசூர்ச் சீமையில் மண்ணுக்கடியில் வேலை இருக்கிறது, கையில் காசு தருவான்" என்றால் அவன் என்ன செய்வான்? ஜோலார்ப்பேட்டையைத் தாண்டிப் போனான். 1894-இல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை கிளை ரயில் போடப்பட்டபோது, குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

அதே சமயம், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் தகரச் சுரங்கங்கள் நொடித்து, அங்கிருந்தும் பலர் கோலாருக்கு வந்து சேர்ந்தார்கள். இத்தாலியர்களும் வந்தார்கள். அவர்களுக்கு மேற்பார்வை வேலையும் பங்களாவும் கிடைத்தன. நம்மவர்களுக்கு மூங்கில் தட்டியால் அடைத்த லைன் வீடு கிடைத்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சுரங்கத்தில் விளக்கெரிந்தபோதும் தட்டி வீடுகள் இருளில்தான் கிடந்தன. கூண்டில் இறங்கியவன் ஏறி வருவானா என்பது நிச்சயமில்லை. பாறை வெடித்தால் பிணமும் கிடைப்பது அரிது. தப்பியவர்களில் பலர் கல்தூசி நுரையீரலில் படிந்து இருமி இருமி இறந்தார்கள்.

ஆயினும் அவர்கள் அங்கே நிமிர்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் வந்தது, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், சங்கங்கள் எழுந்தன. அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' பத்திரிகையை, அவர் மறைந்த பின் 1926 முதல் தங்கவயலிலிருந்தே அப்பாதுரையார் நடத்தினார். 1930-இல், தொழிலாளர் யாவரும் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று கம்பெனி கட்டளையிட்டபோது, ஆயிரக்கணக்கானோர் ஏறத்தாழ மூன்று வாரம் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். குற்றவாளியைப் போல் ரேகை வைக்க மாட்டோம் என்ற மானம் அவர்களுக்கு இருந்தது.

இனித் தேடும் வழிக்கு வருவோம். கார்ன்வால்காரரின் பேரப்பிள்ளைகளுக்குத் தேடுவது எளிது. குடும்பப் பெயர் உண்டு. சென்னை மாகாணத்து ஐரோப்பியரின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகளின் பிரதிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டு இன்றும் நூலகத்தில் இருக்கின்றன. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்து ஒரு தலைமுறையைத்தான் காட்டும். நிலம் இல்லாதவனுக்குப் பட்டாவில் பெயர் இல்லை. கம்பெனிக்கு அவன் ஓர் எண். அப்படியானால் அவன் பெயர் எங்கேதான் எழுதப்பட்டது? கத்தோலிக்கனாக இருந்தால், கோவில் பேரேட்டில் எழுதப்பட்டது. குழந்தையின் பெயர், தாய் தந்தை பெயர், ஞானப் பெற்றோர் பெயர், நாள், குருவின் கையொப்பம் ஆகியவை அதில் இருக்கும். பண்ணையாரின் பிள்ளைக்கும் பண்ணையாளின் பிள்ளைக்கும் ஒரே புத்தகம், ஒரே மை.

அந்தப் பேரேட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். சில குறிப்புகளைச் சொல்கிறேன்.

முதலாவது, வீட்டிலிருந்து தொடங்குங்கள். வயதில் மூத்தவரிடம் போய், "நம்ம பூர்வீகம் எது?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "பாட்டி, எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போவீங்க? பொண்ணு எங்கிருந்து எடுத்தாங்க? எந்த மேஸ்திரிகூட வேலைக்குப் போனாங்க? எந்தச் சுரங்கம், எந்த லைன்?" என்று கேளுங்கள். சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம், ஊரிகம், மாரிக்குப்பம், கொரமண்டல் என்று ஒரு பெயர் வந்தால் போதும், எந்தக் கோவிலில் விசாரிப்பது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஓர் ஊர்க்காரர்கள் ஒரு மேஸ்திரியின் கீழ் ஒன்றாகப் போனவர்கள். மேஸ்திரியின் ஊர் தெரிந்தால் உங்கள் ஊர் அருகில்தான் இருக்கும்.

இரண்டாவது, ஓரக் குறிப்பைப் பாருங்கள். ஒருவர் திருமணம் செய்துகொண்டால், அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கிற்கு அதைத் தெரிவித்து, அங்குள்ள பேரேட்டின் ஓரத்தில் குறித்து வைக்க வேண்டும் என்ற சட்டம் 1908 ஈஸ்டர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே தங்கவயலில் பிறந்த பெண் எங்கே வாழ்க்கைப்பட்டாள் என்பது தங்கவயல் பேரேட்டின் ஓரத்திலேயே இருக்கக்கூடும். கிராமத்தில் திருமுழுக்குப் பெற்றவர் சுரங்கத்தில் மணம் முடித்தாரென்றால், கிராமத்துப் பேரேடு அதைச் சொல்லும்.

மூன்றாவது, பெயர் மாறியிருக்கும். பழைய பேரேடுகள் பல இலத்தீனில் எழுதப்பட்டவை. வீட்டில் சூசை என்றழைத்தவர் அங்கே யோசேபுஸ். இராயப்பன் பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னேஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். "எங்க தாத்தா பேரே இல்லை" என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள்.

நான்காவது, ஞானப் பெற்றோரைக் கவனியுங்கள். அந்நிய பூமியில் ஏழை யாரை ஞானத் தகப்பனாக அழைப்பான்? தாய்மாமனை, பங்காளியை, ஒரே ஊர்க்காரனை. பெற்றோரின் ஊர் எழுதப்படாத இடத்தில் அவர்கள் வழியாக ஊர் வெளிப்படும்.

ஐந்தாவது, மறைமாவட்ட எல்லைகள் மாறியவை. தங்கவயல் முன்பு மைசூரைச் சேர்ந்தது. பெங்களூர் மறைமாவட்டம் 1940-இல் தோன்றியது. சேலம் 1930, வேலூர் 1952, தருமபுரி 1997. நம் செங்கற்பட்டே 2002-இல்தான் தனியானது. பழைய ஏடு பங்கில் இல்லையென்றால் எந்த ஆயரகத்தைக் கேட்பது என்பதை இந்த ஆண்டுகள் சொல்லும். பெயரும் உத்தேச ஆண்டும் குறித்து, பங்குத் தந்தைக்குப் பணிவாகக் கடிதம் எழுதுங்கள். தேடித் தர அவர்களுக்கு நேரம் கொடுங்கள்.

என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் தகப்பனாரைப் பெற்ற பாட்டி தங்கவயலில் பிறந்தவர். அவருடைய திருமுழுக்குப் பதிவைக் கேட்டு அங்குள்ள கோவில் ஒன்றுக்கு எழுதினேன். பிரதி வந்தது. ஞானத் தாயின் பெயருக்குப் பக்கத்தில் ஆம்பூருக்கு அருகே ஒரு சிற்றூரின் பெயர் இருந்தது. நாங்கள் தேடிய ஊர் அதுதான். கூடவே பங்குத் தந்தை, அடக்கப் பேரேட்டில் அதே தாய் தந்தையின் பெயருடன் இன்னொரு பதிவு இருப்பதாக எழுதியிருந்தார். பாட்டிக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறார். இருபது வயது. சுரங்க விபத்தில் மரணம். பாட்டி தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார். அந்த அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் ஏன் வீட்டில் ஒரு பவுன் நகையைக்கூடத் தொட்டுப் பார்க்க விரும்பியதில்லை என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. இப்பொழுது நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில் எங்கள் வீட்டுப் பட்டியலில் அவர் பெயரும் வாசிக்கப்படுகிறது.

நண்பர்களே, நம்மில் சிலர் தேடத் தயங்குவதன் காரணம் எனக்குத் தெரியும். "தோண்டிப் பார்த்தால் பண்ணையாள் என்று வரும், கூலிக்காரன் என்று வரும், பிள்ளைகளுக்கு எதற்கு?" என்பார்கள். புனித மத்தேயுவின் நற்செய்தியைத் திறந்து பாருங்கள். முதல் பக்கமே மூதாதையர் பட்டியல். அதில் தாமார் இருக்கிறாள், இராகாபு இருக்கிறாள், பஞ்சம் பிழைக்க மோவாபு நாட்டுக்குப் போன குடும்பத்தின் மருமகள் ரூத்து இருக்கிறாள். ஆண்டவருடைய வம்ச வரிசையிலேயே யாரையும் மறைக்கவில்லை. நாம் ஏன் மறைக்க வேண்டும்? கூலிக்காரனாக இருந்தது அவனுக்கு இழிவல்ல. அவன் பெயரை மறந்துவிட்டு அவன் உழைப்பில் நிமிர்ந்து நிற்பதுதான் நமக்கு இழிவு.

சுரங்கம் மூடியபின் தங்கவயல் மக்கள் பலர் பெங்களூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனார்கள். லைன் வீடுகள் சிதைகின்றன. கூண்டில் இறங்கி வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெறுகிறார்கள். ஏடுகளைக் கறையானும் ஈரமும் அரிக்கின்றன. பத்து ஆண்டு கழித்துக் கேட்கலாம் என்று வைத்தால், கேட்க ஆள் இருக்காது.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாள் எழுதுங்கள். தாத்தா, பாட்டி, அவர்களுடைய தாய் தந்தை, எந்த ஊரிலிருந்து எங்கே போனார்கள், எங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள் என்று தெரிந்த வரையில் எழுதுங்கள். பெண்களின் பிறந்த ஊரை மறவாமல் எழுதுங்கள். அதைத்தான் நாம் முதலில் தொலைக்கிறோம். தங்கவயல் மட்டுமன்று, இலங்கைத் தேயிலைத் தோட்டம், பர்மா, மலேயா என்று போனவர்களையும் எழுதுங்கள். இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று முதியோர் பேச்சைக் கேட்டுக் குறித்து உதவட்டும். அந்தத் தாள்களைச் சேர்த்துக் கட்டிப் பங்கு அலுவலகத்தில் ஒரு நூலாக வைப்போம். அடுத்த யூபிலியைக் கொண்டாடப் போகும் நம் பேரப்பிள்ளைகளுக்கு அது உதவும்.

நம் முன்னோர் எடுத்த தங்கம் யார் யார் கழுத்திலோ மின்னுகிறது. அவர்கள் நமக்கென்று விட்டுச் சென்றது தங்கள் பெயரை மட்டுமே. அதையாவது பத்திரப்படுத்துவோம்.