வதந்தியும் வைத்தியமும்
(மும்பையில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கொள்ளை நோய் தனியே வருவதில்லை. வதந்தியையும் துணைக்கு அழைத்துக்கொண்டே வருகிறது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனா பரவியபோது, ஊசி போட்டால் மலடாவோம் என்ற பேச்சை நாம் கேட்டோம். இது கைப்பேசி ஈன்ற குழந்தை என்று கருதுவோர் பலர். உண்மை அதுவன்று. நாம் பிழைக்க வந்த இம்மாநகரமே அதற்குச் சான்று.

1896 செப்டம்பரில் மாண்ட்விப் பகுதியில் பிளேக் நோய் புகுந்ததை டாக்டர் வீகாஸ் கண்டறிந்தார். நோயாளிகளை அதிகாரிகள் வலிந்து ஆர்தர் சாலை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். மனித உடலிலிருந்து தைலம் எடுக்கவே இது நடக்கிறது என்று ஊர் பேசிற்று. அக்டோபரில் ஏறத்தாழ ஆயிரம் ஆலைத் தொழிலாளர் திரண்டு அம்மருத்துவமனையைத் தாக்கினர்.

அவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்கிவிடலாமா? முற்றிய நிலையில் உள்ளே சென்றவருள் பலர் மீளவில்லை. 1897-ஆம் ஆண்டின் கொள்ளை நோய்ச் சட்டம் வந்தபின் கெடுபிடி மேலும் மிகுந்தது. வீடுகள் சோதனையிடப்பட்டன, உடைமைகள் எரிக்கப்பட்டன, ஏன் என்று மக்களுக்கு விளங்குமாறு உரைப்பார் அரியர். விளக்கம் இல்லாத இடத்தில் வதந்தி குடியேறுவது இயற்கையன்றோ!

அதே நகரில் ஹாப்கின் என்னும் அறிஞர் வேறு வழி கண்டார். தாம் ஆக்கிய பிளேக் தடுப்பு மருந்தை 1897 ஜனவரி 10-ஆம் நாள் முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். பிறர்க்குச் சொல்வதைத் தாமே முன்னின்று செய்தமையால் மக்களும் முன்வந்தனர்.

எனினும் 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் ஒரே புட்டி மருந்தை ஏற்ற 19 பேர் இசிவு நோயால் இறந்தனர். பழி ஹாப்கின்மேல் விழுந்தது, பதவியும் பறிபோயிற்று. புட்டியைத் திறந்தபோது நேர்ந்த தூய்மைக் குறைவையே சான்றுகள் சுட்டின. 1907-இல்தான் அவர் குற்றமற்றவர் என ஏற்கப்பட்டது. இந்நகரின் ஆய்வுக்கூடம் 1925 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நிபுணரிடமும் பிழை நேரலாம். ஆனால் அறிவியல் தன் பிழையைத் தானே ஆராய்ந்து திருத்திக்கொள்ளும். வதந்தியோ ஒருநாளும் திருந்தாது. வேறுபாடு இதுவே. ஆகவே கேள்வி கேட்பது தவறன்று. விடை வந்தபின் செவியை மூடிக்கொள்வதே தவறு.

அன்பர்களே, அன்று தாக்குண்ட மருத்துவமனையே இன்று கஸ்தூரிபா என்னும் பெயருடன் விளங்குகிறது. 2020-இல் கொரோனா நோயாளிகளை இந்நகரில் முதலில் ஏற்றதும் அதுவே. நம் குடியிருப்பில் மராத்தியும் இந்தியும் படிக்க இயலாத முதியோர் உளர். அறிவிப்புப் பலகை அவர்களுக்கு ஊமை. ஊரிலிருந்து வரும் தமிழ் வதந்தி மட்டுமே பேசுகிறது. மருத்துவர் சொல்லைத் தமிழில் அவர்தம் வாயிற்படிக்குக் கொண்டு சேர்ப்போம். அஞ்சுவோரை எள்ளாமல், அருகிருந்து அச்சத்தைப் போக்குவோம். தமிழ்ச் சங்கம் ஆற்றத்தக்க தமிழ்த் தொண்டுகளுள் இதுவும் ஒன்றாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!