கல்லும் கலைச்சொல்லும்



“அறிவியலைத் தமிழிற் சொல்ல இயலாது” என்பார்க்கு ஒரே ஒரு சொல்லால் விடை கூற விரும்புகின்றேன். அச்சொல் கல்.

கிரேக்கத்தில் கல்லுக்கு ‘இலித்தோசு’ என்று பெயர். அறிஞர்க்கென ஆக்கிய சொல்லன்று. தெருவிற் கிடக்கும் கல்லைக் குறித்த எளிய சொல்லே. அவ்வேரினின்று ஐரோப்பியர் ஒரு சொற்குடும்பத்தையே வளர்த்தனர். 1817இல் சுவீடன் நாட்டு ஆர்வெட்சன் கனிமம் ஒன்றிற் கண்ட புதிய தனிமம், கல்லிற் கிடைத்தமையால் ‘இலித்தியம்’ எனப்பட்டது. உடலை அறுக்காமல் அதிர்வலையாற் சிறுநீரகக் கல்லை நொறுக்கும் முறை, 1980இல் மியூனிக்கு நகரில் முதன்முதல் நோயாளி ஒருவர்க்குக் கையாளப்பட்டது. அதன் பெயர் ‘இலித்தோதிரிப்சி’. பொருள் என்ன? கல் நொறுக்கல், அவ்வளவே!

1790களின் இறுதியிற் செனபெல்டர் கல்லிலிருந்து அச்சிடும் முறையைக் கண்டார். உலகம் அதனை ‘இலித்தோகிராபி’ என்றது. செருமானியரோ ‘சுட்டைன்துருக்கு’ என்று தம் மொழியிலும் பெயரிட்டுக்கொண்டனர். ‘சுட்டைன்’ என்றாற் கல். ‘துருக்கு’ என்றால் அச்சு. நாம் கல்லச்சு என்றால் மட்டும் நகைப்பதேன்?

1863இற் பல்லாவரத்தில் இராபர்ட்டு புரூசு பூட்டு பழைய கற்கருவியைக் கண்டெடுத்தார். ஈராண்டு கழித்து, 1865இல், சான் இலப்பாக்கு அத்தகு கருவிகளின் காலத்திற்குப் ‘பேலியோலித்திக்கு’ என்று பெயர் சூட்டினார். பழங்கல் என்பதே அதன் பொருள். பழங்கற்காலம் என்றால் தமிழ்ப்பிள்ளை கேட்டவுடன் உணரும். கிரேக்கப் பெயரை நெட்டுருத்தான் செய்யும்.

பள்ளிப்பிள்ளைக்கு இது மதிப்பெண் சிக்கல், நோயாளிக்கோ உயிர்ச்சிக்கல். ‘நெப்ரோலித்தியாசிசு’ என்றெழுதிய தாளைப் பெற்ற உழவர் மருள்கின்றார். ‘சிறுநீரகத்திற் கல்’ என்று சொல்லுங்கள். ‘எவ்வளவு பெரிய கல்? தானே வெளியேறுமா? நொறுக்க வேண்டுமா?’ என்று அவரே வினவுவார். ஆங்கில மருத்துவரும் தம் மக்களிடம் ‘கிட்னி சுடோன்’ என்றுதானே பேசுகின்றார்! நம் சித்த மருத்துவர் இந்நோயைக் கல்லடைப்பு என்றனர். பெயரே நோயை விளக்கிற்று.

தனிமங்களின் குறியீடுகள் உலகிற்குப் பொது; அவற்றில் நமக்குப் பிணக்கில்லை. ஆனால் நோய்க்கும் மருத்துவத்திற்கும் காலத்திற்கும் கருவிக்கும் பெயரிடுங்கால், அயற்சொல்லின் ஒலியைப் பெயர்க்காதீர், பொருளைப் பெயர்ப்பீர். கிரேக்கச் சொல்லைப் பிளந்தால் உள்ளே இருப்பது கல்லே. அக்கல் நம்மிடமும் உண்டு. அதைக்கொண்டு கட்டுவோம்!

வெல்க தமிழ்!