வெயில், உப்புக்காத்து, ஒரு கான்கிரீட் தளம்

கேட்டுல இருந்து போர்ட்டிகோ வரைக்கும் கார் ஏறி வர்ற இடம் இருக்கே, இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான். அதுக்கு நம்ம பக்கம் ஒரு உருப்படியான பேர்கூட கிடையாது. சிலர் பார்க்கிங்ம்பாங்க, சிலர் வாசல் தளம்ம்பாங்க. வீட்டு வேலையில கடைசியா, கைக்காசு தீர்ந்த பிறகு, மிச்சம் கிடக்கிற ஜல்லியையும் சிமெண்டையும் போட்டு ஒரே நாள்ல முடிக்கிற வேலை அது. இரண்டாவது கோடையில விரிசல் விடும், அப்புறம் ஒரு நல்ல மழையில ஓரம் பெயரும். அப்பா அதைப் பார்த்து "சிமெண்ட் சரியில்ல"ன்னு சொல்லுவார். பெரும்பாலும் சிமெண்ட் மேல தப்பு இருக்காது.

நான் பேசப் போறது சென்னையை வெச்சு. அதுலயும் திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரைன்னு கடலை ஒட்டின பகுதிகளை வெச்சு. கான்கிரீட்டுக்கு இது கொடுமையான ஊர். 2003 மே 31-ஆம் தேதி இங்க 45 டிகிரி பதிவாச்சு. காத்துல எப்பவும் உப்பு. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வானம் பொத்துக்கிட்டு ஊத்தும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கடலோரச் சூழலை 'கடுமை' வகையில வைக்குது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அங்க குறைஞ்சது எம்30 கேட்குது. நம்ம வாசல் தளத்துக்கு யாராவது எம்30 போட்டுப் பார்த்திருக்கீங்களா? நான் ரொம்பக் கம்மியாத்தான் பார்த்திருக்கேன்.

எல்லாமே தண்ணில வந்து நிக்குது. கலவைக்குள்ள போற தண்ணி குறைவா இருக்கணும், போட்டு முடிச்ச பிறகு மேல நிக்கிற தண்ணி நிறைய இருக்கணும். நம்ம ஊர்ல நடக்கிறது அப்படியே தலைகீழ்.

முதல்ல உள்ள போற தண்ணி. சிமெண்ட் இறுகுறது காயறதால இல்ல, தண்ணியோட வேதிவினை நடக்கிறதால. அதுக்கு சிமெண்ட் எடையில ஏறக்குறைய கால் பங்கு தண்ணி போதும். கலக்குறதுக்கும் பரப்புறதுக்கும் இன்னும் கொஞ்சம் வேணும், அதனால கூடச் சேர்க்கிறோம். சேர்த்தது வெளியேறும்போது நுண்ணிய துளைகளை விட்டுட்டுப் போகும். பின்னால உப்பும் மழையும் உள்ள வர்ற வழி அந்தத் துளைங்கதான். கடுமைச் சூழல்ல கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு விதி சொல்ற உச்சவரம்பு 0.45. அதாவது 50 கிலோ மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர். எம் சாண்ட் ஈரமா இருந்தா அந்த ஈரமும் இந்தக் கணக்குல சேரும். சைட்ல போய் நின்னு பாருங்க, பக்கெட்டுக்கு அளவே இருக்காது. மிக்ஸர்ல கலவை கொழகொழன்னு ஓடுற வரைக்கும் ஊத்துவாங்க.

இதை மேஸ்திரிக்குத் தெரியலன்னு நினைக்காதீங்க. அவருக்கு நல்லாவே தெரியும். கலவை கெட்டியா இருந்தா, சட்டி தூக்கிட்டு வர்ற அக்காவுக்கும் மட்டப்பலகை இழுக்கிற ஆளுக்கும் இடுப்பு போயிடும். கூலி சதுர அடிக் கணக்குல. மதியத்துக்குள்ள முடிச்சாதான் அவங்களுக்குக் கட்டுபடியாகும். அந்த வெயில்ல நானா இருந்தாலும் ஒரு பக்கெட் சேர்த்துத்தான் ஊத்துவேன். அதனால சண்டை போடாம, தண்ணிக்குப் பதிலா பிளாஸ்டிசைசர் வாங்கிக் கொடுங்க. கட்டுமானப் பொருள் கடையில கேனா கிடைக்கும், மூட்டைக்கு எவ்வளவுன்னு அதுலயே போட்டிருக்கும். அதே தண்ணில கலவை இளகி ஓடும். "அண்ணே, இளக்கம் வேணும்னா இதை ஊத்துங்க, தண்ணி வேணாம்"னு சொன்னா ஒத்துக்குவாங்க. ரெடிமிக்ஸ் லாரி வந்தாலும் ஒரு கண் இருக்கட்டும். பிளான்ட்ல அளந்து அனுப்பின கலவைல, இறக்குற நேரத்துல ஹோஸை விட்டு எல்லாத்தையும் கெடுத்துடலாம்.

கலக்குற தண்ணி எங்க இருந்து வருதுங்கிறதும் முக்கியம். கடலோர போர்வெல் தண்ணி பல இடத்துல உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஒரு லிட்டர்ல குளோரைடு 500 மில்லிகிராம் தாண்டக் கூடாது. கம்பி இல்லன்னா 2000 வரைக்கும் விதி அனுமதிக்குது. ஒரு பாட்டில் தண்ணியை லேப்ல கொடுத்துப் பார்க்கிற செலவு, ஒரு மூட்டை சிமெண்ட் வீணாப் போறதை விடப் பெரிசா இருக்காது.

இங்கயே கம்பி விஷயத்தையும் பேசிடறேன். தரையில உட்கார்ந்திருக்கிற தளத்துக்குக் கம்பி பாரம் தாங்குறதுக்காக இல்ல. விரிசல் வந்தா அது அகலமாகாம பிடிச்சு வைக்கத்தான். அதுக்குக் கம்பி மேல் பாதியில இருக்கணும். நம்மாளுங்க கம்பி வலையைத் தரையில விரிச்சு, மேல கான்கிரீட்டைக் கொட்டி, நடுவுல கையால தூக்கி விடுறேன்னு சொல்லுவாங்க. அது திரும்ப அடியிலதான் போய்ப் படுத்துக்கும். உப்பு உள்ள இறங்கிக் கம்பி துருப்பிடிச்சா, துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டை உள்ள இருந்தே பிளந்துடும். கடலுக்குப் பக்கத்துல என் விருப்பம், கம்பியே இல்லாம 5 இஞ்ச் தளம், நெருக்கமான கோடுகள். தண்ணி லாரி உள்ள வர்ற வீடுன்னா 6 இஞ்ச். சில இன்ஜினியர்கள் இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க, பரவாயில்ல.

கோடுன்னா என்ன? கான்கிரீட் சுருங்கும், அதனால விரிசல் வரத்தான் செய்யும். எங்க வரணும்னு நாம முடிவு பண்ணலாம், அவ்வளவுதான். 5 இஞ்ச் தளத்துக்கு 10-லிருந்து 12 அடிக்கு ஒரு கோடு. 12 அடி அகலம், 20 அடி நீளம்னா நடுவுல குறுக்கா ஒண்ணு போதும். ஆழம் தளத்தோட தடிமன்ல கால் பங்கு. கட்டர் வெச்சு வெட்டுறதா இருந்தா, ஓரம் உதிராத அளவுக்கு இறுகினதுமே வெட்டிடணும். வெயில் காலத்துல "நாளைக்குப் பார்த்துக்கலாம்"னு விட்டா, விரிசல் அதுவே இடம் தேடிக்கும். வீட்டுச் சுவரும் காம்பவுண்டும் தொடுற இடத்துல அரை இஞ்ச் தெர்மாகோல் பட்டை வெச்சுப் பிரிச்சிடுங்க.

அடியில மண்ணை நல்லா இடிச்சு இறுக்குறது, களிமண்ணா இருந்தா தோண்டி எடுத்துட்டு கிராவல் போடுறது, தெருப்பக்கம் 50 அடிக்கு 1 அடி சரிவு கொடுக்கிறது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். திமிசுக்கட்டையால நாலு தட்டு தட்டுறது பத்தாது, தட்டு மெஷின் வாடகைக்கு எடுங்க.

இப்ப மேல நிக்க வேண்டிய தண்ணிக்கு வர்றேன். மே மாசம் காலை 11 மணிக்குத் தளம் போடுறீங்கன்னு வைங்க. கடல்காத்து அடிக்குது, தரை கொதிக்குது. மேல் ஈரம், அடியில இருந்து ஊறி வர்ற வேகத்தை விட வேகமாப் பறந்துடும். தளம் இறுகுறதுக்கு முன்னாடியே மேல மெல்லிசு மெல்லிசா கீறல் விழும். சாயந்தரம் பார்த்தா காஞ்ச ஏரி மாதிரி இருக்கும். கொத்தனார் அதுமேல சிமெண்டைத் தூவி, தண்ணி தெளிச்சு, கரண்டியால வழவழன்னு தேச்சு மூடிடுவார். பார்க்க அழகா இருக்கும். ஆறு மாசத்துல அந்தத் தோல் உரிஞ்சு வந்துடும். வழவழப்பும் வேண்டாம், மழையில அம்மா வழுக்கி விழுவாங்க. தென்னந்துடைப்பத்தால குறுக்கா ஒரு இழுப்பு போதும்.

அதனால வேலையை விடியற்காலை 5 மணிக்கு ஆரம்பிங்க. ஆளுங்களுக்கும் அதுதான் நல்லது. கூடவே ரப்பர் பூட்ஸும் கிளவுஸும் வாங்கி வைங்க. ஈர சிமெண்ட் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும், நாள் முழுக்க அதுல வெறுங்காலோட நிக்கிறாங்க. முடிஞ்சா வேலையையே ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளிப் போடுங்க. போடுறதுக்கு முன்னாடி அடி மண்ணை நனைங்க, ஆனா குட்டை நிக்கக் கூடாது. மேற்பரப்பு முடிஞ்ச உடனே பாலிதீன் ஷீட் போட்டு மூடிடுங்க.

அடுத்தது க்யூரிங். மொட்டைமாடின்னா பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தலாம். இங்க சரிவு இருக்கு, பாத்தியில நிக்காது. ஹோஸ் வெச்சு காலையும் சாயந்தரமும் அடிக்கிறோம்னு சொல்லுவாங்க. மே வெயில்ல அது அரை மணி நேரத்துல காஞ்சுடும், மிச்ச நேரமெல்லாம் தளம் பட்டினி. சணல் சாக்கை நனைச்சு விரிச்சு, மேல பாலிதீன் போட்டு, ஓரத்துல செங்கல் வைங்க. ஈரம் நாள் முழுக்க நிக்கும், தண்ணி லாரிக்குக் காசு கொடுக்கிற வீட்டுல தண்ணியும் மிச்சம். வெயில் ஊர்ல குறைஞ்சது 10 நாள். நம்ம கடைகள்ல அதிகமாக் கிடைக்கிறது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். அது மெதுவாத்தான் பலம் பிடிக்கும், அதுக்கு விதியோட பரிந்துரை 14 நாள்.

இந்த 14 நாள் யார் வேலைன்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்காது. தளம் போட்ட அன்னைக்கே மேஸ்திரிக்குக் கணக்கு முடிஞ்சுடும், அவர் அடுத்த சைட்டுக்குப் போயிடுவார். நீங்க பெங்களூர்ல இருந்து போன் போட்டு "அம்மா, தண்ணி அடிச்சியா?"ன்னு கேட்பீங்க. முழங்கால் வலியோட அவங்க ஹோஸைப் பிடிச்சுட்டு நிப்பாங்க. அதனால பேசும்போதே இதைத் தனிக் கூலியாப் பேசுங்க: "அண்ணே, 14 நாளும் ஒரு ஆள் வந்து சாக்கை நனைக்கணும், அதுக்குத் தனியாக் கொடுத்துடறேன், கடைசி பாக்கி 15-ஆவது நாள்." மொத்தச் செலவுல இது சின்னத் தொகை. தளம் எத்தனை வருஷம் நிக்கும்ங்கிறதுல இதோட பங்கு பெரிசு.

கனடாவுல இருந்து கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க ஊர்ல எதிரி வேற. துளைக்குள்ள புகுந்த தண்ணி உறைஞ்சு விரிஞ்சு கான்கிரீட்டைப் பிளக்கும், பனிக்குத் தூவுற உப்பு அதை இன்னும் மோசமாக்கும். அங்க கலவைக்குள்ள நுண்ணிய காத்துக் குமிழ்களை வேணும்னே உண்டாக்கி, உறையற தண்ணி விரிய இடம் வைக்கிறாங்க. கலவைல தண்ணி குறைவா இருக்கணும்ங்கிறது மட்டும் ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான்.

கடைசியா, எப்ப காரை ஏத்தலாம்? பி.பி.சி. சிமெண்ட்னா 14 நாள் பொறுங்க, தண்ணி லாரிக்கு 28 நாள். அதுவரைக்கும் காரைத் தெருவுல நிறுத்திக்கங்க, பக்கத்து வீட்டு மாமாகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க. அடுத்த வாரம் மொட்டைமாடி ஒழுகல் பத்திப் பேசலாம்.