148-ஐத் தாண்டாமல் 21 கிலோமீட்டர்

காசு கட்டி, விடிகாலை மூணு மணிக்கு எந்திரிச்சு ரேஸுக்குப் போய், அங்கே போய் மெதுவா ஓடுறதா? என் ரன்னிங் குரூப்பிலேயே இதைக் கேட்டாங்க. நியாயமான கேள்விதான்.

இந்த ஜனவரியில் சென்னையில் ஒரு ஹாஃப் மாரத்தான் ஓடினேன். எனக்கு 32 வயசு. இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 148-ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் இலக்கு. ஃபில் மாஃபெடோன் என்பவருடைய கணக்கு இது: 180-இல் வயசைக் கழிக்கணும். உடம்பு சரியில்லையா, காயம் உண்டா, எத்தனை வருஷமா ஓடுறோம்னு பார்த்து கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். லேபில் அளந்த எண் கிடையாது, தோராயம்தான். ஆனா ஹவாய் அயர்ன்மேனை ஆறு தடவை ஜெயிச்ச மார்க் ஆலன் இந்த வழியில் பயிற்சி எடுத்தவர்.

மெதுவா ஓடும்போதுதான் உடம்பு கொழுப்பை நல்லா எரிக்கப் பழகுது. தசைக்குள்ள ரத்த நுண்குழாய்கள் கூடுது. ஒரு துடிப்பில் இதயம் தள்ளுற ரத்தத்தின் அளவும் கூடுது. அடுத்து நான் ஓடப் போறது ஃபுல் மாரத்தான், 42.2 கிலோமீட்டர். சேமிச்ச கிளைகோஜன் மட்டும் அதுக்குப் பத்தாது.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்க அப்பாவுக்கு 54 வயசில் பைபாஸ் நடந்தது. டிரெட்மில் டெஸ்ட் எடுத்து, டாக்டர் சரின்னு சொன்ன பிறகுதான் நான் ஷூவே வாங்கினேன். ரேஸ் முடிச்சு வீட்டுக்குப் போனா அம்மா நேரத்தைக் கேட்க மாட்டாங்க, "எவ்வளவு வரைக்கும் போச்சு?"ன்னுதான் கேப்பாங்க. ஒண்ணு சொல்லிடறேன்: வாட்ச் இதய நோயைக் கண்டுபிடிக்காது. குடும்பத்தில் இருந்தா முதல்ல டாக்டரைப் பாருங்க.

ரேஸுக்கு வருவோம். ஸ்டார்ட் லைனில் சும்மா நிக்கும்போதே 110. பாட்டு, கூட்டம், பதற்றம், எல்லாம் சேர்ந்து. முதல் மூணு கிலோமீட்டர் ஊரே என்னைத் தாண்டிப் போச்சு. தெரிஞ்ச பையன் ஒருத்தன் திரும்பிப் பார்த்து, "என்னண்ணே, கால் வலியா?"ன்னான். சிரிச்சுட்டு விட்டுட்டேன். மேம்பாலம் ஏறும்போது 147, 148, 149. உடனே நடை. பக்கத்தில் எல்லாரும் ஓடும்போது நடக்கிறது இருக்கே, முழங்கால் வலியை விடக் கஷ்டம்.

மார்கழிக் குளிர்னு மஃப்ளர் சுத்துற ஊர் நம்ம ஊர். ஆனா ஓடுறவங்களுக்கு அந்த ஒண்ணு ரெண்டு மாசம்தான் கொடுப்பினை. வெயிலில் உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்பும். வியர்வையில் நீர் போகும். ஒரு துடிப்புக்குப் போற ரத்தம் குறையும், அதை ஈடு கட்ட இதயம் வேகமா அடிக்கும். அதே 148-இல் மே மாசம் எனக்குக் கிலோமீட்டருக்கு 8 நிமிஷம் 20 விநாடி ஆச்சு. இந்த ரேஸில் முதல் பாதி 7:15. சூரியன் ஏறின பிறகு 7:45. கால் ஓயலை, எண்ணைப் பிடிச்சு வைக்க வேகத்தை விட்டுக் கொடுத்தேன்.

ஒரு டெக்னிக்கல் விஷயம். மணிக்கட்டு வாட்ச் சில சமயம் துடிப்புக்குப் பதிலா காலடியை எண்ணிடும். நிதானமா ஓடும்போதே திடீர்னு 170 காட்டினா சந்தேகப்படுங்க. இப்படி எண்ணைப் பார்த்து ஓடுறதுன்னா மார்பில் கட்டுற ஸ்ட்ராப்தான் நம்பகம். அதுவும் இல்லையா, முழு வாக்கியம் பேச முடியுதான்னு பாருங்க.

முடிச்ச நேரம் 2 மணி 38 நிமிஷம். என் நண்பன் 1:58. மெடலோட பிளாட்பாரத்தில் உக்காந்தவன் அரை மணி நேரம் எந்திரிக்கல. அவனுக்கு அது ரேஸ், எனக்கு அது பயிற்சி. செவ்வாய்க்கிழமை காலையில் நான் வழக்கமான ஆறு கிலோமீட்டர் ஓடினேன். மாசம் ஒரு தடவை அதே ரூட், அதே 148, அதே நேரம்னு ஓடி வேகத்தைக் குறிச்சு வைக்கிறேன். பிப்ரவரி நோட்டில் இப்போ 7:05.