மனசாட்சியின் விலையை நோயாளி கட்டக் கூடாது

இன்று பட்டம் பெறும் செவிலியர்களே,

இதுவரை உங்கள் போஸ்டிங் பட்டியலைக் கல்லூரி போட்டது. இனி எங்கே வேலை செய்வது என்று நீங்களே முடிவெடுக்கப் போகிறீர்கள். பிரசவ வார்டா, மனநலப் பிரிவா, ஆரம்ப சுகாதார நிலையமா என்று யோசிக்கும்போது சம்பளத்தோடு உங்கள் நம்பிக்கைகளும் குறுக்கே வந்து நிற்கும். கருக்கலைப்புக்கு உதவ மனம் ஒப்பாதவர்கள் உங்களில் இருக்கலாம். அதற்காக யாரும் தலைகுனிய வேண்டாம். ஆனால், ‘என்னால் முடியாது’ என்று விலக்குவது ஒரு செயலையா, ஒரு மனிதரையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலா செல்லப்பனிடம் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரிக்கச் சொன்னார். முதலில் தயங்கிய நிர்மலா, பிறகு துணிந்து போனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடவே பலர் அஞ்சிய காலத்தில், 1993 முதல் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை அவர்களைச் சேர்த்துக்கொண்டது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் அரசின் இலவச ஏ.ஆர்.டி. மருந்து 2004இல்தான் வந்தது. அதுவரை அந்த வார்டுச் செவிலியர்கள் பெரும்பாலும் தங்கள் பராமரிப்பை நம்பியே நோயாளிகளைத் தாங்கினார்கள். பயத்தையும் அருவருப்பையும் அவர்கள் கொள்கை என்று சொல்லிக்கொள்ளவில்லை.

மனசாட்சி எப்படி மறுக்கும் என்பதற்கு நம் மரபிலேயே கதை உண்டு. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன், தன்னைப் பாடச் சொன்ன பல்லவ மன்னனிடம் நேருக்கு நேர் மறுத்தார். நாடு கடத்தினான் மன்னன். ஆழ்வாரும் உடன் கிளம்ப, பெருமாளே பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார் என்கிறது காஞ்சி திருவெஃகாவின் தலபுராணம். கணிகண்ணன் மறைமுகமாக நழுவவில்லை. மறுப்பின் விலையை அவரே கொடுத்தார்.

மருத்துவமனையில் ஒரு செவிலியர் சொல்லாமல் நழுவினால், அந்த விலையைப் படுக்கையில் இருப்பவர் கட்ட நேரும். ஆகவே ஒப்பாத செயல் இருந்தால், வேலையில் சேரும்போதே நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் சொல்லுங்கள். டியூட்டி மாற்றிக்கொள்ள முன்வாருங்கள். பதிலுக்கு வரும் நைட் டியூட்டியை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். வெளிநாடு போகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். பிரிட்டனின் 1967ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டம் மனசாட்சிக்கு இடம் தருகிறது. ஆனால் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் அந்த விலக்கு செல்லாது.

மணமாகாத ஒரு பெண் ரத்தப்போக்கோடு வந்தால், கேஸ் ஷீட்டைப் பார்த்து முகம் சுளிக்க நமக்கு உரிமை இல்லை. 20 முதல் 24 வாரம் வரையிலான கருக்கலைப்பிலும் மணமாகாத பெண்ணைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்கிறது சட்டம். எச்.ஐ.வி. நோயாளிக்குச் சிகிச்சை மறுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள், நம்பிக்கை இல்லாத கையை எந்த நோயாளியும் விரும்ப மாட்டார். உங்களுக்குப் பிடிக்காத வாழ்க்கை வாழ்ந்தவருக்கும் அதே கவனத்தோடு ஊசி போடுங்கள், அதே மரியாதையோடு பெயர் சொல்லி அழையுங்கள். நீங்கள் பெறும் பட்டத்தின் பொருள் அதுதான்.