முதற் சுழல்துப்பாக்கி

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இசையும் இலக்கியமும் முழங்கும் இம்மேடையில் சுழல்துப்பாக்கியைப் பற்றிப் பேச வந்தமை சிலர்க்கு வியப்பளிக்கலாம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் இளைஞர் சிலர், “குறிசுடும் விளையாட்டுக்கு முதன்முதல் எந்த ரிவால்வரை வாங்கலாம்?” என வினவுகின்றனர். அவர்தம் பெற்றோரோ, “அது வீட்டிற்குள் வரலாமா?” என அஞ்சுகின்றனர். இவ்விரு வினாக்களையும் ஒருங்கே வைத்து ஆராய்தலே நம் நோக்கம்.

இவ்விளையாட்டு நமக்குப் புதிதன்று. இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் 1951-ஆம் ஆண்டிலேயே தோன்றிற்று. மக்களவையின் முதற் சபாநாயகர் மாவலங்கர் அதன் முதல் தலைவர். நம் நகரின் வொர்லிப் பகுதியில் மகாராஷ்டிர ரைபிள் சங்கத்தின் பயிற்சிக்களம் உண்டு. அங்கே பயின்ற அஞ்சலி பாகவத் 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்றை எய்தினார். கடலூரிற் பிறந்து, நம்மைப் போலவே பிறமாநிலத்தில், அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ நகரில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண்ணொருத்திக்கு இயன்றது நம் மக்கட்கும் இயலும்.

இனி வினாவுக்கு வருவோம். முதற் சுழல்துப்பாக்கியை எப்போது வாங்குவது? பயிற்சியின் தொடக்கத்தில் அன்று, நெடுநாட் பயிற்சியின் பின்னரே என்பது நம் விடை.

காரணம் கூறுவோம். இப்போது நடைமுறையிலுள்ள படைக்கலச் சட்டம் 1959-இல் இயற்றப்பெற்றது. அதன்படி உரிமமின்றி ரிவால்வரைக் கைக்கொள்ளுதல் குற்றம். இருபத்தொரு வயது நிரம்புதல் வேண்டும். காவல்துறையின் விசாரணையும், பாதுகாப்புப் பயிற்சியும் வேண்டும். 9 மில்லிமீட்டர் போன்ற சில அளவுகள் பொதுமக்கட்கு விலக்கப்பட்டவை. ஆதலின் நம்மவர் பெரிதும் நாடுவது .32 அளவுடைய ரிவால்வரே. உரிமத்திற் குறித்த எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்கவும் இயலாது. அளந்து கிடைக்கும் தோட்டாவைக் கொண்டு கைப்பழக்கம் பெறுதல் எங்ஙனம்?

ஆகவே, முதலில் ஒரு கழகத்திற் சேர்க. பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியிற் பழகுக. 4.5 மில்லிமீட்டர் குழலும், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுவதில்லை. அதன் இலக்கில் பத்து மதிப்பெண்ணுக்குரிய வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டரே. அச்சிறு வட்டத்தை அறுபது முறை நாடும் கைக்கு மூச்சடக்கமும், விசையை மெல்ல அழுத்தும் பொறுமையும் தாமே வந்தெய்தும். ஒலியும் உதைப்பும் மிக்க ரிவால்வரில் தொடங்குவோர், குண்டு வெளிப்படுமுன்னரே கண்ணிமைத்துக் கைநடுங்கும் வழக்கத்துக்கு ஆளாகின்றனர். அவ்வழக்கம் ஒருமுறை படிந்துவிடின் நீக்குதல் அரிது.

இப்பயிற்சி முற்றிய பின், ரிவால்வரைத் தேர்தற்குரிய இலக்கணம் யாது?

ஒன்று, கைப்பொருத்தம். கைப்பிடியை இயல்பாகப் பற்றும்போது சுட்டுவிரலின் முதற்கணு விசையின்மேல் அமைதல் வேண்டும். விரலை வலிந்து நீட்ட நேரின், அக்கருவி நமக்குரியதன்று.

இரண்டு, குழலின் நீளம். முனையிலுள்ள குறிக்கும் பின்னேயுள்ள பள்ளத்துக்கும் இடைத்தொலைவு பத்து சென்டிமீட்டர் எனக் கொள்வோம். பார்வையில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தால், இருபத்தைந்து மீட்டரில் குண்டு இருபத்தைந்து சென்டிமீட்டர் விலகும். இடைத்தொலைவு இருபதாயின் பிழை பாதியாகும். சட்டைப்பையில் மறைத்தற்கு உகந்த குறுங்குழல் இலக்குக்கு உகந்ததன்று.

மூன்று, எடை. 2014-இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களின் தற்காப்புக்கென வெளியிட்ட ‘நிர்பீக்’ அரைக் கிலோ அளவினது. கைப்பையிற் கொண்டு செல்ல அந்த இலகு நன்று; ஆயின் இலகுவான கருவி மிகுதியாக உதைக்கும். நாள் முழுதும் குறிசுடுவோர்க்குக் கனமே துணை.

நான்கு, விசையின் இயல்பு. சுத்தியைக் கட்டைவிரலாற் பின்னிழுத்து வைத்தபின் அழுத்தும் விசை குறுகியது, மெல்லியது. இழுக்காது அழுத்தும் விசை நெடியது, கடியது. இலக்குப் பயிற்சிக்கு முன்னதே ஏற்றது. அது தெளிவாக, இடறலின்றி விடுபடுகின்றதா எனக் காண்க.

ஐந்து, பழைய கருவியாயின் உருளையின் உறுதி. ஆடும் உருளையின் அறை குழலோடு நேர்நில்லாது. குறியும் கெடும், கைக்கும் கேடு. உரிமம் பெற்ற வணிகரிடமே வாங்குக. வல்லார் ஒருவரை உடனழைத்துச் செல்க.

தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் ஒரே கருவி போதும் என்பாரும் உளர். அவர் கூற்று பொருந்தாது. தற்காப்பை எண்ணுவோன் அதனைத் தோட்டாவுடன் கைக்கெட்டும் இடத்தில் வைக்க விழைவான். விளையாட்டு வீரனோ தோட்டாவை நீக்கிப் பூட்டி வைப்பான். நம் இல்லங்கள் சிறியன. ஓரறையில் பாட்டியும் பேரனும் உறங்குவர். குழந்தையின் கை எட்டாத அலமாரி அங்கே எது? ஆதலின் சுவரோடு பிணைத்த இரும்புப் பெட்டியும், தோட்டாவுக்குத் தனிப்பூட்டும் அமைத்தல் இயலாதார் ரிவால்வர் வாங்காதிருத்தலே அறிவுடைமை. கழகத்தின் கருவியைக் கொண்டு களத்திலேயே பழகுதல் இழிவன்று.

வள்ளுவப் பெருந்தகை வலியறிதலுக்கும் அடக்கமுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். குறிசுடுதலில் அவ்விரண்டும் ஒன்றாகின்றன. தன் கையின் வலியறியாதான் குறி தவறுவான். அடக்கமில்லாதான் கையில் அக்கருவி இருத்தலே தகாது.

பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்டவுடன் மறுத்துவிடாதீர். கேட்டவுடன் வாங்கியும் கொடாதீர். ஒருநாள் அவர்களோடு பயிற்சிக்களம் சென்று, அங்கு நிலவும் ஒழுங்கை நேரிற் காண்மின். இளைஞர்களே, ஓராண்டு காற்றுத் துப்பாக்கியோடு பொறுத்திருங்கள். அதன்பின்னும் ஆர்வம் குன்றாதிருப்பின், எந்த ரிவால்வர் தமக்கு ஏற்றதென்பதை உங்கள் கையே உணர்த்தும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!